பத்து ஆண்டு உழைப்பும் கணக்கில் வராத வாசமும்

விடுமுறை நாட்களில் கியா பார்ம் சந்தைக்குச் சென்றவர்கள் அங்குள்ள நெரிசலை அறிவார்கள். கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் ஏறிவந்த மோட்டார் வண்டிகள் மலைப்பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும். முட்டைக்கோஸ், சோளம், ஸ்ட்ராபெரி, தேன், தேயிலைப் பொட்டலம் ஆகிய யாவும் கூடை கூடையாக விலைபோகும். விலை பேசுகின்றவர்கள் சரக்கைப் பார்க்கின்றார்கள், கடைக்காரரைப் பார்க்கின்றார்கள். ஆனால், சந்தைக்குப் பின்னால் பிளாஸ்டிக் கூரையிட்ட தோட்டங்களில் குனிந்து நிற்கின்றவனையும், அங்கிருந்து பிரிஞ்சாங் மலைக்குச் செல்லும் பாதையில் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளில் கொழுந்து வெட்டுகின்றவனையும் எவரும் பார்ப்பதில்லை. பார்க்க நேர்ந்தாலும் நம்மவர்கள் சிலர் உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு, “எங்கு பார்த்தாலும் வங்காளதேசத்தானும் நேப்பாளியுமாக இருக்கின்றானே! இவர்களையெல்லாம் எப்போதுதான் திருப்பி அனுப்பப் போகின்றார்களோ?” என்கின்றார்கள்.

இவ்வார்த்தையை நாம் பட்டணத்துத் தமிழர் வாயிலும் கேட்டிருக்கின்றோம். தோட்டத்துத் தமிழர் வாயிலும் கேட்டிருக்கின்றோம். வேறு எந்தச் சமூகத்தான் இதைச் சொன்னாலும் அறியாமை என்று விட்டுவிடலாம். தமிழன் சொல்லுவதை அப்படி விட்டுவிட முடியாது. ஏனெனில், இவ்வார்த்தை ஒருகாலத்தில் நம்மைப் பார்த்துச் சொல்லப்பட்டது. சொல்லப்பட்டது மாத்திரமல்ல, சட்டமாக்கி நம்மவர் பல்லாயிரவரைக் கப்பலேற்றி அனுப்பவும் செய்யப்பட்டது.

இம்மலைக்குப் பெயர் கொடுத்தவர் வில்லியம் கேமரன் என்னும் நில அளவைக்காரர்; அவர் வந்தது 1885இல். இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவர் ஜே. ஏ. ரஸ்ஸல், தொடங்கியது 1929இல். இவ்விரு பெயரும் பள்ளிப்பிள்ளைகளுக்குங்கூடத் தெரியும். காட்டை வெட்டிச் சாய்த்து, சரிவில் குழி போட்டு, நாற்று நட்டு, அட்டைக் கடியிலும் குளிரிலும் கிடந்த கூலிகளின் பெயரை எந்தப் பலகையிலாவது எழுதி வைத்திருக்கின்றார்களா? அவர்களில் மிகப் பெரும்பாலோர் கங்காணியின் பின்னால் வந்த தமிழர்கள். வந்தபோது அவர்கள் கையில் பாஸ்போர்ட்டு இருந்ததா? நிரந்தர வாசத்துக்கு மனு இருந்ததா? தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்பது ஒன்றே அனுமதியாயிருந்தது. 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் பணம் கட்டினார்கள்; அந்நிதியிலிருந்து கூலிக்குக் கப்பற் சத்தம் கொடுக்கப்பட்டது. 1938இல் இந்திய சர்க்கார் இவ்வகையாக ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரையில் இது நடந்தது.

அந்தக் காலத்தை நாம் புகழ வரவில்லை. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று 1928இல் கூலி நிர்ணயித்துவிட்டு, உலகச் சந்தையில் விலை விழுந்தவுடன் அதையும் வெட்டிக் குறைத்த காலம் அது. கங்காணியின் தலைக்காசும், துரையின் சவுக்கும், கள்ளுக்கடையும் சேர்ந்து மனிதனைப் பிழிந்தெடுத்த காலம். ஆயினும் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் அக்கூலி ஒரு மாத நோட்டீசு கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம். பெண்டு பிள்ளைகளோடு வரலாம். வந்த இடத்தில் கலியாணம் செய்துகொள்ளலாம். பள்ளிப்பருவத்துப் பிள்ளைகள் போதிய அளவு இருந்தால் தோட்டத்து முதலாளி பள்ளிக்கூடம் வைத்தாகவேண்டும். அந்தப் பள்ளிக்கூடங்களின் வழிவந்தவைதாம் இன்று நாம் காப்பாற்றப் போராடும் தமிழ்ப்பள்ளிகளிற் பல.

இன்று அதே சரிவில் நிற்கின்ற நேப்பாளிக்கும் வங்காளதேசத்தவனுக்கும் இந்தோனேசியனுக்கும் கொடுக்கப்பட்டிருப்பது தற்காலிக வேலைப் பாஸ் ஒன்று. அதில் எந்த முதலாளியின் பெயர் இருக்கின்றதோ அவரிடத்தில்தான் அவன் வேலை செய்யவேண்டும். அவர் ஏசினாலும், சம்பளத்தைப் பிடித்தாலும், தானாகத் தோட்டம் மாற முடியாது. வெளியேறினால் அந்த நிமிஷமே அவன் சட்டவிரோதி. அவன் மனைவி மக்களை அழைத்து வரக்கூடாது. இந்த நாட்டுப் பெண்ணை மணக்கக்கூடாது. தன்னைப்போல் இங்கு வேலைக்கு வந்த பெண்ணையும் மணக்கக்கூடாது. வேலைக்கு வந்த பெண் கருவுற்றிருப்பதாக வைத்தியப் பரிசோதனையில் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பொதுவாகப் பத்து ஆண்டு ஆனதும் பாஸ் முடிந்தது, மூட்டை கட்டவேண்டியதுதான்.

ஆகவே, வெள்ளைக்காரன் காலத்துக் கூலிக்கு இருந்த இரண்டு சுதந்திரங்கள், அதாவது எஜமானனை விட்டு விலகும் சுதந்திரமும் குடும்பம் நடத்தும் சுதந்திரமும், சுதந்திர நாட்டின் கூலிக்கு இல்லை. இதைக் கேட்டு வெட்கப்படவேண்டியவர்களில் முதல்வர் யார்? அந்தக் கூலியின் பேரப்பிள்ளைகளாகிய நாமல்லவா?

பத்து ஆண்டு என்று சொன்னோம். இந்தப் பத்து என்ற எண்ணைச் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும். மலேசிய அரசியல் சட்டத்தின் 19ஆம் விதி, அயல்நாட்டான் ஒருவன் குடியுரிமைக்கு மனுச் செய்யவேண்டுமானால் கடந்த 12 ஆண்டுகளில் 10 ஆண்டு இந்நாட்டில் வசித்திருக்கவேண்டும், மலாய்மொழி போதிய அளவு தெரிந்திருக்கவேண்டும், நன்னடத்தை உடையவனாயிருக்கவேண்டும் என்று கூறுகின்றது. சரி, பத்து ஆண்டு கொழுந்து வெட்டியவனுக்கு மலாய் தெரியாதா? பத்து ஆண்டு வழக்கில்லாமல் உழைத்தது நன்னடத்தை ஆகாதா? ஆனால் அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் மற்றொரு வரி இருக்கின்றது: தற்காலிகப் பாஸில் தங்கிய காலம், அரசாங்கம் மனமிரங்கிச் சம்மதித்தாலொழிய, வாசமாகக் கருதப்படாது. உடல் இங்கே இருந்தது. வியர்வை இங்கே விழுந்தது. வரி இங்கே கட்டப்பட்டது. ஆள் மாத்திரம் இங்கே வசிக்கவில்லையாம்! புராணத்திற்கூட இவ்வளவு அதிசயமான மாயம் சொல்லப்படவில்லை.

நிரந்தர வாசத்துக்கான நுழைவுப் பெர்மிட்டு என்று ஒன்று இருக்கின்றதே என்பார்கள். இருக்கின்றது. பெருந்தொகை முதலீடு செய்பவருக்கும், துறை நிபுணருக்கும், உயர்தொழில் படிப்பாளிக்கும், குடிமக்களை மணந்தவருக்கும் அதில் வழியுண்டு. பணம் கொண்டுவருபவன் நிரந்தரவாசி ஆகலாம். பணத்தை உண்டாக்குபவன் ஆகக்கூடாது என்பதே இதன் தாத்பரியம்.

நம் தோழர்கள் சிலர் கூறும் ஆட்சேபம் ஒன்றுண்டு. அது அலட்சியம் செய்யத்தக்கதல்ல. “இவர்கள் வந்ததனாலேதான் தோட்டத்தில் நமக்குக் கூலி ஏறவில்லை, நம் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக் குடிசைப் பகுதிக்குப் போனார்கள்” என்கின்றார்கள். கூலி ஏறாமல் நின்றது உண்மை. ஆனால் யாரால் நின்றது? விலகிப்போக முடியாத தொழிலாளியை வைத்துக்கொண்டிருக்கும் முதலாளி எதற்காகக் கூலியை உயர்த்துவான்? தலைக்கு ஆண்டொன்றுக்கு 640 வெள்ளி லெவி என்று 2016இல் தோட்டத்துறைக்கு விதித்தார்கள். அதைக் கட்டியும் அவனையே விரும்பி வைத்துக்கொள்கின்றார்களென்றால், அவன் வாய் திறக்கமாட்டான் என்னும் லாபம் அந்த 640 வெள்ளியிலும் பெரிது என்பதல்லவா பொருள்? ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்கக் கடன் வாங்கிவிட்டு வந்தவன் எப்படி வாய் திறப்பான்? அவனுக்கும் இங்கேயே இருக்கும் உரிமையைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த மாதமே அவன் அதிகக் கூலி கொடுக்கும் தோட்டத்துக்குப் போவான். சங்கத்தில் சேர்ந்து குரல் கொடுப்பான். அன்றைக்கு நம் பிள்ளைக்கும் கூலி ஏறும். அவனைக் கட்டிவைத்திருக்கும் கயிறுதான் நம் கழுத்தையும் இறுக்குகின்றது. இதே குற்றத்தை, மலிந்த கூலிக்கு உழைக்கவந்த அடங்கின சாதி என்னும் குற்றத்தை, அந்தக் காலத்தில் பிறர் நம்மீது சுமத்தினார்கள் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

“சரி, சட்டப்படி வந்தவன் இருக்கட்டும், பெர்மிட்டு இல்லாதவனைப் பற்றி என்ன சொல்லுகின்றீர்?” என்பார்கள். 2014 நவம்பரில் இம்மலையில் மண்வெள்ளம் வந்து உயிர்கள் பலியானபோது, சட்டவிரோதமாகக் காடு வெட்டித் தோட்டம் போட்டதே காரணம் என்று ஊரே கூச்சலிட்டது. அதன்பின் ‘ஓப்ஸ் காடிங்’ என்னும் நடவடிக்கையில் அயல்நாட்டுத் தொழிலாளர்களைக் கும்பல் கும்பலாகப் பிடித்தார்கள். அவர்களாகவே வந்து, அவர்களாகவே இயந்திரம் வாங்கி, அவர்களாகவே காட்டை வெட்டி, அவர்களாகவே முட்டைக்கோஸ் பயிரிட்டு விற்றுக்கொண்டார்களா? இதற்குமேல் நாம் எழுதவேண்டியதில்லை.

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். 1948 பிப்ரவரியில் மலாயாக் கூட்டரசு உடன்பாடு வந்தபோது, வெளியிற் பிறந்தவன் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்ய 15 ஆண்டு வாசம் காட்டவேண்டும் என்றார்கள். கொடுமை என்று கூவினோம். 1957இல் மெர்டேக்கா வந்தபோது, கடந்த 12 ஆண்டில் 8 ஆண்டு வசித்தவன் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். முதல் ஓராண்டுக்கு, அவர்களில் வயதில் மூத்தோருக்கு மலாய்மொழிப் பரீட்சையையும் தள்ளிவைத்தார்கள். அது போதாது என்று குறைகூறினோம். அந்த 15 ஆண்டிலும் 8 ஆண்டிலும் எண்ணப்பட்டவை எந்த ஆண்டுகள்? நம் பாட்டனும் பாட்டியும் தோட்டத்தில் கூலியாக உழைத்த ஆண்டுகள்தானே? அவர்கள் பேரேட்டில் கூலி என்று எழுதியிருந்ததற்காக, நீ இங்கே வசிக்கவேயில்லை என்று யாரும் சொல்லவில்லை. நமக்கு எண்ணப்பட்ட ஆண்டு இவனுக்கு எண்ணப்படலாகாது என்று நாம் எந்த வாயால் சொல்லுகின்றோம்?

எண்ணப்பட்டும் நம்மவர்கள் அதை வாங்கிக்கொண்டார்களா என்றால், பாதி வழியில் கோட்டைவிட்டோம். கடல் தாண்டிய சிங்கப்பூரில் 1957இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது தமிழ் முரசின் கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழர்களைப் பதியச் சொல்லி இடைவிடாது இயக்கம் நடத்தினார். தீபகற்பத்துத் தோட்டங்களில் அப்படித் தட்டி எழுப்புவோர் போதவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு மனுத்தாள் பயமாயிருந்தது. ஒருநாள் வேலையை விட்டு ஆபீசுக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. ‘அடுத்த வருஷம் ஊருக்குத்தானே போகப்போகின்றோம்’ என்னும் மயக்கம் வேறு. அதன் பலன் 1968இல் வந்தது. குடிமக்களல்லாதார் வேலை செய்யப் பெர்மிட்டு எடுக்கவேண்டுமென்று அந்த ஆண்டில் சட்டம் செய்தார்கள். மறுவருஷம் அது அமுலானபோது, முப்பது நாற்பது ஆண்டு பால் வெட்டியவனும் கொழுந்து கிள்ளியவனும் அந்நியனாகி நின்றான். பல்லாயிரம் பேர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறினார்கள். எஞ்சியவர்களிற் பலர் சிவப்பு அடையாளக் கார்டோடு கிழவரானார்கள். 60 வயது கடந்த அத்தகைய இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை கொடுப்போமென்று 2018இல் அரசாங்கம் அறிவித்தது. சுதந்திரம் வந்து 61 ஆண்டு கழித்து!

இலங்கைத் தேயிலை மலைகளில் நடந்ததோ இதனினும் கொடிது. அங்கே 1948இன் 18ஆம் எண் சட்டத்தால் மலையகத் தமிழர்களை ஒரே வீச்சில் நாடற்றவராக்கினார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 9,75,000 உயிர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்வோம் என்று ஆட்டு மந்தையைப் போல் பங்கிட்டார்கள். அந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை. மிஞ்சியிருந்தவர்களுக்கு முழுத் தீர்வென்று ஒரு சட்டம் வர 2003 ஆயிற்று. ‘திருப்பி அனுப்பு’ என்னும் சொல்லுக்கு அர்த்தம் என்னவென்று தெரியாத தமிழன் இருந்தால் தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் பிள்ளைகளை நீலகிரியில் போய்க் கேட்டுவிட்டு வரட்டும்.

இத்தனை பட்ட நமக்குள்ளும் இன்று இந்தத் துன்பம் வீட்டுக்குள்ளேயே புகுந்திருக்கின்றது. தமிழ்நாட்டிலிருந்து மணமுடித்து அழைத்துவந்த மருமகள் இல்லாத தோட்டம் உண்டா? இங்குள்ள நம் பெண்ணும் வேலைக்கு வந்தவனோடு மனம் ஒத்து, அவன் பாஸ் முடிந்தபின் ஊருக்குச் சென்று மணந்து, திரும்ப அழைத்துவருவதும் நடக்கின்றது. இப்படி வந்தவர்களுக்குச் சமூக வருகைப் பாஸ் என்று ஒன்று கொடுக்கப்படுகின்றது. வருகையாம்! அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்று, மாமியாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பவள் வீட்டுக்கு வந்த விருந்தாளியாம்! ஐந்து ஆண்டு இப்படி இருந்த பிறகுதான் நிரந்தர வாசத்துக்கு மனுச் செய்யலாம். மனுவைச் செய்தபின் பதில் வருவது எப்போதென்பதோ அதிகாரிகளின் சித்தம். அதுவரையில் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் கணவன் கூடவே குடிநுழைவு இலாகாவுக்கு வந்து ஜவாப்தாரியாகக் கையெழுத்திடவேண்டும்.

இந்தக் கையெழுத்தைப் பற்றி நம் பெண்மணிகள் யோசித்துப் பார்க்கவேண்டும். கணவன் யோக்கியனாயிருந்தால் இது வெறும் சிரமம். குடிகாரனாகவும் அடிக்கின்றவனாகவும் இருந்தாலோ, இது விலங்கு. ‘போலீசுக்குப் போனாயானால் அடுத்த தடவை கையெழுத்திட மாட்டேன்’ என்னும் ஒரு வார்த்தை போதும். மனுநீதி என்று நாம் எதை எரிக்கச் சொன்னோமோ, அதையே இலாகாத் தாளில் அச்சடித்துக் கொடுத்தது போலல்லவா இருக்கின்றது? தன் பாஸைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் உரிமை மனைவிக்கு வேண்டும். கணவன் இறந்தாலும் பிரிந்தாலும் அவள் வாசம் தொடரவேண்டும்.

கணவன் அயல்நாட்டானாயிருந்தால் வேறொரு வேடிக்கை. குடிமகனுடைய மனைவி இரண்டு ஆண்டு வசித்துப் பதிந்துகொள்ள 15ஆம் விதி எழுத்தளவிலாவது வழி வைத்திருக்கின்றது. குடிமகளுடைய கணவனுக்கு அவ்வழி அறவே இல்லை. அவன் முன் சொன்ன 19ஆம் விதியில் பத்து ஆண்டு நிற்கவேண்டும். ஆண்பிள்ளையைப் பின்பற்றிப் பெண் வருவாள், பெண்ணைப் பின்பற்றி ஆண் வருவதாவது என்னும் பழைய குருட்டு எண்ணமே இதன் வேர். 2001இல் 8ஆம் விதியைத் திருத்தி, பாலினத்தைக் காரணமாகக் காட்டி வேற்றுமை பாராட்டலாகாது என்று எழுதிய கைகள் 15ஆம் விதியைப் புரட்டிப் பார்க்க மறந்துவிட்டன போலும்.

அரசாங்கத்தைச் சொன்னோம். நம்மவரையும் சொல்லாமல் விடமாட்டோம். இந்தியர் வீட்டுப் பிள்ளைகள் நாடற்றவராய் நிற்பதற்கு நம் கலியாண முறையும் ஒரு பெருங்காரணம். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச்சு முதல் தேதியிலிருந்து அமுலில் இருக்கின்றது. அதன்பின் பதிவு செய்யாத திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணம் அன்று. நம்மவன் சோதிடனிடம் போய் நட்சத்திரம் பார்க்கின்றான், இராகுகாலம் தள்ளுகின்றான், ஐயருக்குத் தட்சணை வைக்கின்றான், கடன் வாங்கி ஆயிரம் பேருக்குச் சோறு போடுகின்றான். பதிவேட்டில் ஒரு கையெழுத்துப் போடுவதற்கு மாத்திரம் நல்லநாள் கிடைப்பதில்லை! பிறகு தாய் அயல்நாட்டாளாயிருந்து பிள்ளை பிறந்தால், அப்பிள்ளை முறைப்படி பிறவாத பிள்ளை. தாயின் நாட்டைச் சேர்ந்தது. தகப்பனின் நீலக் கார்டு அதற்கு உதவாது. 2021 மே மாதத்தில் கூட்டரசு நீதிமன்றம், வெளிநாட்டில் பிறந்த அத்தகைய ஒரு பிள்ளையின் வழக்கில் நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் இப்படியே தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகள் மனிதத்தன்மையோடு மாறுபட்டார்கள் என்பது ஒரு ஆறுதல். ஆனால் பிள்ளைக்கு ஆறுதல் சோறு போடாது, பள்ளிக்கூடத்திலும் சேர்க்காது. புரோகிதனை விலக்கிச் சீர்திருத்தத் திருமணம் செய்தோமென்று மார்தட்டும் தோழர்களிலும் பதிவை மறந்தவர்களை நாம் அறிவோம். மாலை மாற்றுவதோடு சீர்திருத்தம் முடிந்துவிடாது, தோழர்களே!

2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவையில் 206 பேர் ஆதரவோடு ஓர் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாயும், தகப்பனைப்போலவே தன் குடியுரிமையைப் பிள்ளைக்கு அளிக்கலாம் என்பது அதிலுள்ள நல்ல அம்சம். தாய்மார்கள் நீதிமன்றப் படியேறி 2021இல் வென்று 2022இல் தோற்றுப் பெற்ற பலன் அது. நாம் மனமார வரவேற்கின்றோம். ஆனால் அதே திருத்தத்தில் வேறொன்றும் செருகப்பட்டது. இங்கே பிறக்கும் பிள்ளையின் தாயோ தகப்பனோ நிரந்தரவாசியாயிருந்தால் பிள்ளை தானாகவே குடியாகும் என்று 1962 முதல் இருந்த உரிமையை எடுத்துவிட்டார்கள். சிவப்புக் கார்டு வைத்திருப்பவர் யார்? பெரும்பாலும் ஏழை. பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்தவர். ஒருவர் ஆயுள் முழுதும் இரந்து பெற்ற நிரந்தர வாசம், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றால் அதில் நிரந்தரம் எங்கே இருக்கின்றது? இதை எதிர்த்து நம் சங்கங்கள் எத்தனை கூட்டம் போட்டன? கோயில் திருவிழாவுக்கு மானியம் குறைந்ததென்றால் மந்திரி வீட்டு வாசலில் நிற்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமற் போயிற்று.

ஜெர்மனியில் 1955 முதல் விருந்தாளித் தொழிலாளர் என்று பெயர் வைத்து இத்தாலியரையும் 1961 முதல் துருக்கியரையும் அழைத்தார்கள். ஒருசில ஆண்டில் போய்விடுவார்கள் என்றார்கள். 1973இல் அழைப்பதை நிறுத்தினார்கள். வந்தவர்கள் போகவில்லை, மனிதர்களாகையால் குடும்பமானார்கள். கடைசியில் 2000ஆம் ஆண்டில், எட்டு ஆண்டு முறையாக வசித்த பெற்றோரின் பிள்ளை அந்நாட்டிலேயே பிறந்தால் அந்நாட்டுக் குடி என்று சட்டத்தை மாற்றவேண்டியதாயிற்று. அதனால் ஜெர்மனி மூழ்கிப்போய்விடவில்லை.

நாம் கோருவது ஆகாயத்தை அல்ல. தற்காலிகப் பாஸில் உழைத்த ஆண்டும் வாசம் என்று எண்ணப்படவேண்டும். ஐந்து ஆண்டு ஒழுங்காக உழைத்தவன் நிரந்தர வாசத்துக்கு மனுச் செய்யலாம் என்று விதி வரவேண்டும். மணம் செய்துகொள்வதைக் குற்றமாக்கும் நிபந்தனையைக் கிழித்தெறியவேண்டும். கணவன் தயவில்லாமல் மனைவியும், மனைவி பெண் என்பதற்காகத் தாழ்த்தப்படாமல் கணவனும் இருக்க இடம் வேண்டும். நிரந்தரவாசியின் பிள்ளைக்குப் பறிக்கப்பட்டதைத் திரும்பக் கொடுக்கவேண்டும். இவற்றை நமக்கு மாத்திரம் கேட்டு, கொழுந்துக் கூடையோடு பக்கத்தில் நிற்பவனை விட்டுவிட்டால், நம்மை யார் மதிப்பார்கள்?

கியா பார்மிலும் பிரிஞ்சாங்கிலும் தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் உள்ள நம் மன்றங்களும், கோயில் நிர்வாக சபைகளும், மாதர் சங்கங்களும் அடுத்த கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாகப் போடட்டும். கூட்டத்துக்கு அயல்நாட்டுத் தொழிலாளர்களையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்கட்டும். வருகின்ற மாதத்தில் கலியாணம் வைத்திருக்கும் வீடுகளுக்கு இரண்டு பேர் நேரில் சென்று, பதிவுத்தேதி குறித்தாயிற்றா என்று கேட்டு வரட்டும். தீர்மானங்களை அனுப்பினால் அனுப்பிய சங்கத்தின் பெயரோடு அச்சிடுவதற்கு இவ்வனுபந்தத்தில் இரண்டு பத்தி ஒதுக்கி வைத்திருக்கின்றோம்.